ஓயே: அமெரிக்க உச்ச நீதிமன்றத்தைக் காதால் கேட்க ஒரு தளம்

கோலாலம்பூர் ஜாலான் டூத்தா நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது செந்தூல் வீட்டில் அடுப்படி வேலை நடக்கும்போது காதில் ஓடுவது ஓயே (Oyez) இணையதளம்தான். அமெரிக்க உச்ச நீதிமன்ற வாதங்களை 1955 முதல் ஒலிப்பதிவாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். கட்டணம் கிடையாது.

பேசப் பேச வரிகளும் கூடவே நகர்கின்றன, பேசுவது யார் என்றும் தெரிகிறது. சாட்சியும் இல்லை, குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரியும் இல்லை. ஒன்பது நீதிபதிகள், பொதுவாகத் தரப்புக்கு அரை மணி நேரம். வழக்கறிஞர் இரண்டு வாக்கியம் முடிப்பதற்குள் கேள்விகள் பாயும்.

புதிதாகக் கேட்பவர்கள் கிடியன் எதிர் வெயின்ரைட் வழக்கில் தொடங்குங்கள். ஃபுளோரிடாவில் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தை உடைத்துப் புகுந்ததாக 1961-இல் கிடியன் மீது வழக்கு. லாயர் வைக்கப் பணமில்லை, நீதிமன்றமே ஒருவரைத் தர வேண்டும் என்றார். மரண தண்டனை வழக்குக்குத்தான் தருவோம் என்றது அந்த மாநிலச் சட்டம். தானே வாதாடித் தோற்றார், ஐந்தாண்டு சிறை. உள்ளேயிருந்து பென்சிலால் மனு எழுதி வாஷிங்டனிலுள்ள உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார்.

அங்கேதான் அமெரிக்க நீதிமன்ற அமைப்பு புரிகிறது. ஷரியா நீதிமன்றங்களையும் சபா, சரவாக் பூர்வகுடி நீதிமன்றங்களையும் விட்டுவிட்டால், மலேசியாவில் நமக்கு மாஜிஸ்திரேட் முதல் கூட்டரசு நீதிமன்றம் வரை ஒரே ஏணி. அங்கே ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி நீதிமன்றங்கள், கூட்டரசுக்குத் தனி வரிசை. மாநில வழக்கில் அமெரிக்க அரசியலமைப்பு அல்லது கூட்டரசுச் சட்டம் தொடர்பான கேள்வி எழுந்தால்தான் உச்ச நீதிமன்றத்துக்குப் போக வழி உண்டு. அதுவும் நான்கு நீதிபதிகளாவது விசாரிக்கலாம் என்று சம்மதிக்க வேண்டும். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வரும் மனுக்களில் வாதத்துக்கு எடுப்பது நூறுக்கும் குறைவு.

கிடியனின் மனுவை எடுத்தார்கள், வாதாட ஏப் ஃபோர்ட்டாஸை நியமித்தார்கள். 18 மார்ச் 1963, ஒன்பது பேரும் ஒரே தீர்ப்பு: கடுமையான குற்றவழக்கில் வசதியில்லாதவருக்கு அரசே லாயர் தர வேண்டும். மறுவிசாரணையில் லாயரோடு நின்றார், ஜூரி விடுவித்தது. (நாம் ஜூரி முறையை 1995-இல் கைவிட்டோம்.)

லாயர் இல்லாமல் கூண்டில் நின்றவர்கள் என் முகத்தையே பார்ப்பார்கள். நான் சொல்லை மட்டும்தான் மாற்றித் தர முடியும், யோசனை சொல்லக் கூடாது. அந்தப் பார்வைகள் எனக்கு இன்னும் மறக்கவில்லை. இந்த வாதத்தைக் கேட்கும்போது அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

குறை என்றால், இங்கே இருப்பது உச்ச நீதிமன்றம் மட்டும். அமெரிக்காவில் பெரும்பாலான குற்றவழக்குகள் கீழ் நீதிமன்றத்திலேயே, குற்றத்தை ஒப்புக்கொள்ளும் பேரத்தில் முடிந்துவிடுகின்றன. அந்தப் பக்கம் இதில் தெரியாது. பழைய பதிவுகளில் ஒலி சற்று மங்கல். எல்லாம் ஆங்கிலம்தான். அதனால் வழக்கின் பக்கத்தில் உள்ள சுருக்கத்தை முதலில் படித்துவிடுங்கள், அப்புறம் கேளுங்கள்.

நேரலை வேண்டுமென்றால் உச்ச நீதிமன்றத்தின் சொந்தத் தளத்துக்குப் போகலாம். வாதங்களின் ஒலி நேரலையே 2020 மே மாதம்தான் தொடங்கியது. அக்டோபர் முதல் ஏப்ரல் வரைதான் வழக்கமாக வாதங்கள். வாஷிங்டனில் காலை 10 மணி என்றால் கோலாலம்பூரில் இரவு 10, அவர்களுடைய குளிர்காலத்தில் 11.