ஆறு மாதத்தில் பர்மனென்ட் என்று ஆசை காட்டும் கன்சல்டன்சிகள்: ஓர் எச்சரிக்கை

நெட்வொர்க் வேலையில் இருப்பவர்களுக்கு, முக்கியமாக சென்னை ஓஎம்ஆர் பக்கம் வேலை தேடுகிறவர்களுக்கு இது. கான்ட்ராக்ட் வேலையே கூடாது என்று சொல்ல வரவில்லை. ஒரு டேட்டா சென்டர் மைக்ரேஷன், முடிந்ததும் கிளம்பலாம், அதற்கேற்ற பணம் என்றால் தாராளமாகப் போகலாம். பர்மனென்ட் வேலை என்று ஆசை காட்டி கான்ட்ராக்டைத் தலையில் கட்டுகிறார்களே, அதுதான் விஷயம்.

2022இல் சின்ன இன்டர்நெட் கம்பெனி ஒன்றில் பர்மனென்டாக இருந்தேன். ஆள் எடுத்துக் கொடுக்கும் ஒரு கன்சல்டன்சியிலிருந்து அழைப்பு. பெரிய கிளையன்ட், நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் என்ஓசியில் எல்2 (இரண்டாம் நிலை) இன்ஜினியர், கையில் வருவதும் அதிகம். "ஆறு மாசம் மட்டும் எங்க பேரோல் சார், அப்புறம் கிளையன்டே எடுத்துக்குவாங்க." சிஸ்கோவின் நெட்வொர்க் சர்டிஃபிகேட்டான சிசிஎன்பியைப் புதுப்பிக்கும் செலவும் அவர்களுடையதாம். 3 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய சர்டிஃபிகேட் அது, அதன் முக்கியத் தேர்வான என்கோருக்கு மட்டுமே அப்போது 400 டாலர். ஆஃபர் லெட்டரில் இது இரண்டுமே இல்லை. கேட்டால், "கிளையன்ட் பாலிசி சார், எழுத்தில் தர மாட்டாங்க" என்றார் அந்த எச்ஆர் அம்மணி.

ஆறு மாதம் தாண்டியதும் கிளையன்ட் மேனேஜரிடம் கேட்டேன். நல்ல மனிதர், விழித்தார். அந்த இடத்துக்கு பர்மனென்ட் போஸ்டே கிடையாதாம். அதோடு, கான்ட்ராக்டில் வந்தவரை நேரடியாக எடுத்தால் கன்சல்டன்சிக்கு ஒரு பெரிய தொகை கொடுக்க வேண்டும் என்று இரண்டு கம்பெனிகளுக்கும் ஒப்பந்தம். என் பெயரில் மாதாமாதம் பில் போட்டுச் சம்பாதிக்கிறவர்கள், நான் அங்கே பர்மனென்ட் ஆக ஏன் பாடுபடப் போகிறார்கள்?

இதுகூடப் பரவாயில்லை. பிஎஃப் கதைதான் வயிற்றெரிச்சல். பே ஸ்லிப்பில் என் பங்கு 1,800, கம்பெனி பங்கு 1,800 என்று இருக்கும். இரண்டும் எனக்கென்று சொன்ன மொத்தச் சம்பளத் தொகையான சிடிசியிலிருந்தே போகும். பல இடங்களில் அப்படித்தான், சரி. அரசின் உமாங் செயலியில் பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்தால் பழைய கம்பெனி கட்டிய கடைசி மாதத்தோடு வரிசை நின்றிருந்தது. சந்தேகம் வந்து, என் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். அப்போதைய சட்டப்படி சம்பளத்துக்கு 192ஆவது பிரிவில் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடித்திருக்க வேண்டும். என் பெயரில் 194ஜே, அதாவது தொழில்முறைக் கட்டணத்துக்கான பிரிவு, என்று இருந்தது. அதாவது எனக்குக் கொடுத்த பே ஸ்லிப்பில் நான் ஊழியன், வருமான வரித் துறையிடம் வெளியாள் கன்சல்டன்ட். சம்பளம் என்று ரிட்டர்ன் போட்டால் கணக்கு ஒத்துப்போகாது. தொழில் வருமானம் என்று போட்டால் அப்போதிருந்த 50,000 ரூபாய் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் போச்சு.

மெயில் போட்டுக் கேட்டேன். கேட்டது பிஎஃப் பற்றி, வந்த பதில் நோட்டீஸ் பீரியட் பற்றி. நான் விலகினால் 90 நாள், அவர்கள் அனுப்பினால் 15 நாள். கிளையன்ட் விடுவித்தால் அடுத்த வேலை வரும்வரை பெஞ்சில் இருக்கும்போது சம்பளம் கிடையாது என்றும் ஆஃபர் லெட்டரின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி.

பே ஸ்லிப்புகளையும் வங்கி ஸ்டேட்மென்டையும் வைத்து பிஎஃப் நிறுவனமான ஈபிஎஃப்ஓவின் குறைதீர் தளத்தில் புகார் போட்டேன். பல மாதம் இழுத்து, பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டினார்கள். ரிலீவிங் லெட்டரை அதைவிட இழுத்தார்கள். அடுத்த கம்பெனியின் வெரிஃபிகேஷனுக்கு அது இல்லாமல் பே ஸ்லிப்பைக் காட்டித்தான் சமாளித்தேன்.

அதே 'ஆறு மாதத்தில் பர்மனென்ட்' விளம்பரம், இம்மீடியட் ஜாயினர் வேண்டும் என்ற வரியோடு இன்னும் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. அழைத்தால் மூன்று விஷயம் கேளுங்கள்: பர்மனென்ட் ஆக்குவது ஆஃபர் லெட்டரில் வருமா, டிடிஎஸ் சம்பளத்துக்கான பிரிவிலா, பெஞ்சில் சம்பளம் உண்டா. சேர்ந்துவிட்டால் இரண்டாம் மாதமே பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். ஏற்கெனவே மாட்டியவர்கள் பே ஸ்லிப்பை எல்லாம் இப்போதே சொந்த மெயிலுக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ராஜினாமா போட்ட அன்றே எனக்கு போர்ட்டல் லாகினை மூடிவிட்டார்கள்.