ஒன்பது கல்லுக்கு ஒரு கொத்தனார்

சிங்கப்பூரிலிருந்து போய் இந்த முறை மன்னார்குடியில் 18 நாள் இருந்தேன். அதில் 15 நாள், அம்மாவின் குளியலறைத் தரையில் ஒன்பது டைல்ஸ் மாற்ற ஆள் தேடியதிலேயே போய்விட்டது. பேங்க் வேலை, அம்மாவின் கண் பரிசோதனை, அத்தை வீட்டு விசேஷம் எல்லாம் நல்லபடியாக முடிந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

வந்து இறங்கிய காலையில் குளிக்கப் போனபோதுதான் பார்த்தேன். கதவைத் திறந்ததும் ஒரு கோணிச்சாக்கு, நாலாக மடித்துப் போட்டிருந்தது. தூக்கினால் அடியில் ஒரு விரற்கடைத் தண்ணீர். ஓரத்தில் ஒரு கல் உடைந்து, உடைந்த இடத்தில் பாசி. பக்கத்துக் கற்களைக் கால் கட்டைவிரலால் அழுத்தினால் லேசாக ஆடுகின்றன. அம்மாவுக்கு 74 வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்திருக்கின்றன. அந்தச் சாக்கின் மேல் கால் வைத்து, ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டுதான் தினமும் உள்ளே போகிறாள். “ஆறு மாசமா அப்படித்தான் இருக்கு பாப்பா. நான் பாத்துதான் போறேன்” என்றாள். வாரத்துக்கு மூன்று முறை வீடியோவில் பேசுகிறோம். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கோளாறு பெரியதில்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தபோது கொல்லைத் தென்னை சாய்ந்து கழிவுநீர்க் குழாயை உடைத்தது. அந்த வாரம் இந்தப் பக்கம் மரம் விழாத கொல்லையே இல்லை, கொத்தனாருக்கு எல்லா வீட்டிலும் அடிதடி. கிடைத்த ஆளை வைத்துக் குழாயை மாற்றி, தரையை ஓரமாகக் கொத்தி, அவசரமாகக் கல் ஒட்டினோம். தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, அதாவது வாட்டம், தவறிவிட்டது. தண்ணீர் மூலையில் இருக்கும் வடிகால் ஜாலிக்குப் போகாமல் கதவுப் பக்கம் வந்து நிற்கிறது. கொஞ்ச நாளில் கல்லுக்கு அடியிலும் இறங்கிவிட்டது. ஒன்பது கல்லைப் பெயர்த்து, அடிக்கலவையைச் சரிசெய்து, வாட்டம் கொடுத்துத் திரும்ப ஒட்டினால் தீர்ந்தது. ஒரு நாள் வேலை.

முதலில் தெருமுனையில் வீடு கட்டும் இடத்தில் கேட்டேன். சாரத்தின் மேல் நின்றிருந்தவர் “சாயங்காலம் வந்து பாக்கறேம்மா” என்றார். வரவில்லை. மறுநாள் கேட்டேன், “நாளைக்கு” என்றார். எதிர்வீட்டுச் சித்தப்பா ஒரு மேஸ்திரியை அழைத்து வந்தார். அவர் வாசற்படியிலிருந்தே எட்டிப் பார்த்துவிட்டு, “இத ஒட்டுப் போட்டு என்னம்மா ஆகப்போவுது? சுவரு, தரை எல்லாத்தையும் ஒடச்சிட்டுப் புதுசா போட்டுடலாம். 85 ஆயிரம் குடுங்க, முடிச்சுத் தர்றேன்” என்றார். ஒன்பது கல் என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவேயில்லை. ஹார்டுவேர் கடையில் கொடுத்த நம்பரில் ஒரு டைல்ஸ்காரர் கிடைத்தார். பழைய கல்லைப் பெயர்த்தால் பைப் உடையும், அதற்குத் தான் பொறுப்பில்லை, முதலில் பிளம்பரைக் கூப்பிடுங்கள் என்றார். பிளம்பரைக் கூப்பிட்டால், “தரைய ஒடச்சு வைங்க, வர்றேன்.” உடைப்பது யார்? கொத்தனார். கொத்தனார் சாரத்தின் மேல் இருக்கிறார்.

எனக்குக் கோபம் வந்தது ஆள் கிடைக்காததற்காக அல்ல. அந்த “நாளைக்கு வர்றேன்” என்ற சொல்லுக்காக. அதை நம்பி அம்மா காலை ஏழு மணிக்கெல்லாம் குளித்துவிட்டு வாளி, மோந்து ஊற்றும் குவளை, சோப்பு டப்பா, துணி ஊறும் பேசின் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொல்லைத் திண்ணையில் வைப்பாள். வேலைக்காரர் வந்தால் இடைஞ்சலாக இருக்கக் கூடாதாம். பத்தரை மணி வரை பார்த்துவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்ப உள்ளே கொண்டு போவாள், கதவைப் பிடித்துக்கொண்டு. ஆறு நாள் இதைப் பார்த்தேன். வராதவருக்கு ஒரு போன் பண்ணி “இன்னிக்கு முடியாது” என்று சொல்ல என்ன தடை?

சிங்கப்பூரில் சின்ன வேலைக்கு ஆள் ஓடி வருகிறார் என்று சொல்ல மாட்டேன். உட்லண்ட்ஸில் எங்கள் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் மூன்று வருடத்துக்கு முன்னால் குளியலறைத் தண்ணீர் கீழ்வீட்டுக் கூரையில் கசிந்தது. கூப்பிட்ட மூன்று பேரில் இரண்டு பேர் முழுக் குளியலறைக்கும்தான் விலை சொன்னார்கள். மூன்றாமவர் போனிலேயே சொல்லிவிட்டார்: வந்து பார்க்க 60 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), வேலை கொடுத்தால் அதைக் கழித்துக்கொள்வேன், செவ்வாய் பத்து மணி. செவ்வாய் பத்து மணிக்கு வந்தார். அங்கே கல் பெயர்க்கும் சத்தம் வார நாளில் காலை 9 முதல் மாலை 5 வரைதான், சனி ஞாயிறில் கூடாது. அதற்கு அனுமதி, கழகத்தின் பட்டியலில் உள்ள ஒப்பந்தக்காரர் என்று விதிமேல் விதி. அலுப்பாகத்தான் இருக்கும், பணமும் கூடத்தான். ஆனால் சின்ன வேலைக்கும் ஒரு விலை உண்டு, ஒரு நேரம் உண்டு. கீழ்வீட்டுச் சீனப் பாட்டியிடம் “செவ்வாய்க்கிழமை” என்று என்னால் சொல்ல முடிந்தது. என் அம்மாவிடம் எந்தக் கிழமையையும் சொல்ல முடியவில்லை.

அப்பா இருந்தவரை எங்களுக்கென்று ஒரு கொத்தனார் இருந்தார். பொங்கலுக்குப் பத்து நாள் முன்னால் வெள்ளையடிக்க வருவார். கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தொட்டியில் ஊறப்போட்டு, கொஞ்சம் நீலம் கலந்து, கொல்லைச் சுவரிலிருந்து தொடங்குவார். வீட்டைச் சுற்றி வரும்போதே கண் மேயும். படி முனை உடைந்திருந்தால், மாடிக் கைப்பிடிச் சுவரில் விரிசல் விட்டிருந்தால், சாயங்காலம் ஒரு சட்டி கலவை போட்டுப் பூசிவிட்டுத்தான் போவார். அதற்கென்று யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை, அதற்கென்று அவர் காசும் கேட்டதில்லை. பொங்கல் அன்று வேட்டி துண்டு, கரும்பு, நெல் போகும். அவர் வீட்டில் நல்லது கெட்டது என்றால் அப்பா போய் நிற்பார்.

எமல்ஷன் பெயிண்ட் வந்தது. ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை அடித்தால் போதும் என்று ஆனது. வருடா வருடம் வந்த கொத்தனார் வராமல் போனார். சின்ன வேலைகள் எல்லாம் அந்த வெள்ளையடிப்போடு ஒட்டிக்கொண்டு வந்தவை. அவை தனியாக நின்றுவிட்டன. இதை நான் இந்தப் பதினைந்து நாளில்தான் யோசித்தேன்.

அவருடைய பையன்கள் இருவரும் கொத்துக்கரண்டி பிடித்தவர்கள்தான். ஒருவர் திருப்பூரில், இன்னொருவர் சிங்கப்பூரில். ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் போனால் மன்னார்குடிப் பேச்சும் பட்டுக்கோட்டைப் பேச்சும் புதுக்கோட்டைப் பேச்சும் காதில் விழுந்துகொண்டே இருக்கும். கடன் வாங்கி ஏஜெண்டுக்குக் கட்டி, ஸ்கில் டெஸ்ட் முடித்து, பெர்மிட்டில் வந்து பூசுகிறார்கள், கம்பி கட்டுகிறார்கள், டைல்ஸ் ஒட்டுகிறார்கள். நான் குளிக்கிற அறையின் கல்லை என் ஊர்க்காரர் ஒருவரே ஒட்டியிருக்கலாம். அதில் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட நிற்பதில்லை. ஊரை விட்டுப் போன நான் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் கோணிச்சாக்கைப் பார்க்கும்போதெல்லாம் மனசு அங்கேதான் போயிற்று.

பதினான்காம் நாள் சித்தப்பா கொஞ்சம் கடிந்தே சொன்னார். “எல்லார்கிட்டயும் ஒம்பது கல்லு, ஒம்பது கல்லுங்கற. சம்பளத்தச் சொன்னியா? மொதல்ல அதச் சொல்லு.” ஹரித்ரா நதி என்ற தெப்பக்குளத்தின் கரையில் டீக்கடை வைத்திருப்பவர் கொடுத்த ஒரு நம்பரைக் கூப்பிட்டு, இந்த முறை இப்படிச் சொன்னேன்: “ஒன்பது கல்தான். உங்களுக்கும் சித்தாளுக்கும் முழு நாள் சம்பளம். மத்தியானத்தோட முடிஞ்சாலும் முழு நாள்தான். சாப்பாடு நம்ம வீட்ல.” அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், “நாளைக்கு ஏழரைக்கு வர்றேங்க்கா. மேஸ்திரிகிட்ட சொல்லிட்டு வர்றேன்.”

ஏழு இருபத்தைந்துக்கு வண்டிச் சத்தம் கேட்டது. வடுவூர் பக்கத்துக்காரர். 11 வருடம் சிங்கப்பூரில், பெரும்பாலும் பொங்கோல் அடுக்குமாடிகளில் டைல்ஸ் வேலை செய்துவிட்டுத் திரும்பியவர். பின்சீட்டில் ஒரு சிமெண்டு சாக்கில் பாதி எம்சாண்ட் கட்டிக்கொண்டு வந்திருந்தார். “மணல் லோடு யூனிட்டுக் கணக்குலதான் வரும், 100 கன அடி. உங்களுக்கு வேண்டியது நாலு சட்டி. அதான் சைட்ல மேஸ்திரியக் கேட்டு அள்ளிட்டு வந்தேன்.” சிமெண்டு 50 கிலோ மூட்டை நாங்கள் வாங்கியிருந்தோம், முக்கால்வாசி மிச்சம். டைல்ஸ் பெட்டியும் அப்படித்தான், கடையில் பிரித்துத் தர மறுத்துவிட்டார்கள்.

உட்கார்ந்து, கரண்டிக் காம்பால் ஒவ்வொரு கல்லாகத் தட்டினார். கெட்டியாக இருக்கும் கல் ‘டக்’ என்றது. அடி பொள்ளலாக இருப்பது ‘டொப்’ என்றது. ஒன்பது அல்ல, பதினொன்று. பிறகு ஒரு குவளைத் தண்ணீரைக் கதவோரம் மெதுவாக ஊற்றிவிட்டு, குத்துக்கால் போட்டு அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கும். இந்த வீட்டுக்கு வந்த எவரும் அந்தத் தண்ணீரைப் பார்த்ததில்லை. கட்டர் வைக்கவில்லை, குழாய் மேலாகத்தான் ஓடுகிறது என்று சுத்தியும் உளியுமாகக் கல்லை எடுத்தார். ஜாலியிலிருந்து கதவு வரை நூல் பிடித்து, ரசமட்டம் வைத்து, 4 அடிக்கு முக்கால் அங்குலம் வாட்டம் என்றார்.

மத்தியானம் இலை போட்டு, ரசம் ஊற்றும்போது கேட்டேன். ஏன் யாருமே வரவில்லை?

“டைல்ஸ் கூலி சதுர அடிக்கு 30 ரூவாக்கா. ஒங்க ஒம்பது கல்லு 270 ரூவா. அதுக்கு யாரு வருவா? நாள் சம்பளம்னா எனக்கு 1,200, சித்தாளுக்கு 700. 1,900னு சொன்னா, ஒம்பது கல்லுக்கா இவ்ளோன்னு கேப்பீங்க. கேக்கறதுக்குள்ள நாங்களே நாளைக்குன்னு சொல்லிடறது.”

மார்கழியில் யாரும் புதிதாக வேலை தொடங்க மாட்டார்கள், அதனால் ஆள் சும்மா இருப்பார்கள் என்று நினைத்துத்தான் நான் அந்த மாதம் வந்தேன். அது தப்புக் கணக்கு. தை முகூர்த்தத்தில் கிரகப்பிரவேசம் வைத்திருக்கும் வீடுகள் எல்லாம் மார்கழியில்தான் தரை போட்டு முடிக்க நெருக்குமாம். ஒரு நாள் சைட்டை விட்டு வந்தால் அவருடைய இடத்தில் வேறு ஆள் நின்றுவிடுவார், அடுத்த பத்து நாள் வேலை போய்விடும். பழைய வேலையில் கை வைத்தால் அதற்கு முன்னால் செய்தவர் விட்ட பிழையும் தன் தலையில் விழும் என்ற பயம் வேறு. அப்புறம் கொஞ்சம் தயங்கிச் சொன்னார்: வெளியூரிலிருந்து வந்தவர்கள் பத்து நாளில் கிளம்பிவிடுவார்கள், ஒரு சின்னக் குறை என்றாலும் அங்கிருந்து போன் வந்துகொண்டே இருக்கும்.

முடியாது என்றாவது சொல்லலாமே என்றேன். “வீட்டுக்கு வந்து கேக்கறவங்ககிட்ட மொகத்துக்கு நேரா எப்படிக்கா இல்லன்னு சொல்றது?” என்றார். அவர் மரியாதையாகத்தான் சொன்னார். எனக்கு அது இன்னும் ஒப்பவில்லை. அந்த மரியாதைக்கு என் அம்மா ஆறு நாள் வாளி தூக்கினாள்.

நாலு மணிக்கு முடிந்தது. 2,500 கொடுத்தேன், அதில் மணலுக்கான காசு மட்டும் மேலே எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பினார். ஒரு நாள் முழுக்கக் கால் வைக்கக் கூடாது என்றதால் மறுநாள் காலையில் அம்மா சித்தப்பா வீட்டில் குளித்தாள். சாயங்காலம் அவளே ஒரு குவளைத் தண்ணீரைக் கொண்டு போய்க் கதவோரம் ஊற்றினாள். ஜாலி வரை ஓடிற்று. இன்னொரு குவளை ஊற்றினாள்.

சமையலறை சன்ஷேடில் பூச்சு உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறது. அதையும் அவரிடம் காட்டினேன். தை பாதிக்கு மேல் வருகிறேன் என்றார், அட்வான்ஸ் வேண்டாம் என்றுவிட்டார். நேற்று வீடியோவில் அம்மா போனைக் குளியலறைக்குள் கொண்டு போய்க் காட்டினாள். தரை காய்ந்திருக்கிறது. சாக்கைத் துவைத்துக் கொல்லைக் கொடியில் போட்டிருக்கிறாள். இன்று தை 19, சன்ஷேடுக்கு அவர் இன்னும் வரவில்லை. சனிக்கிழமை நானே கூப்பிட்டு, எத்தனை ஆள், எவ்வளவு சம்பளம் என்று நான் முதலில் சொல்லிவிட்டு, எந்த நாள் என்று கேட்கப் போகிறேன்.