பரிசா, பாராட்டா?

பிள்ளை ஒழுங்காகப் படித்தால் ஏற்காட்டுக்கு அழைத்துப்போவதாகச் சொல்வதா, பாராட்டே போதுமா என்று சேலத்துப் பெற்றோர் பலர் தயங்குகிறார்கள்.

செலவு: பரிசுக்குப் பணம், பாராட்டுக்கு நம் கவனம்.

எளிமை: பரிசு உடனே பலன் தரும்; பாராட்டைச் சரியாகச் சொல்லப் பழக வேண்டும்.

நீடிப்பு: எனக்கு இதுவே முதன்மையானது. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், வரைவதில் ஏற்கெனவே விருப்பமுள்ள மழலையரில், சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லப்பட்டவர்கள் பின்னர் குறைவாகவே வரைந்தார்கள். எதிர்பாராமல் பெற்றவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. பாராட்டிலும் வேறுபாடுண்டு: 1998இல் வெளிவந்த முல்லர், டுவெக் ஆய்வில், அறிவுக்காகப் புகழப்பட்ட குழந்தைகள் தோல்விக்குப் பின் தளர்ந்தார்கள், முயற்சிக்காகப் புகழப்பட்டவர்கள் தொடர்ந்தார்கள்.

ஆகவே, பிள்ளைக்குச் சற்றும் நாட்டமில்லாத வேலையைத் தொடங்கிவைக்கச் சிறு பரிசு பொருந்தும். தானே விரும்பிச் செய்வதற்கு, "கணக்கு வராதபோதும் விடாமல் வேறு வழியில் போட்டுப் பார்த்தாயே" என்று முயற்சியைக் குறிப்பிட்டுச் சொல்லும் பாராட்டே பொருந்தும்.