கல்லூரிக் கபடிக்குப் பாராசூட்டா, டயரா, டியூபா?

விளையாட்டுத் துறைக்குக் கொஞ்சம் பணம் வந்ததும் பல கல்லூரிகளில் முதலில் கண்ணில் படுவது, தடையோடு ஓட வைத்து வேகத்தைக் கூட்டுகிற ஓட்டப் பாராசூட்தான். இடுப்பில் கட்டி ஓடினால் முதுகுக்குப் பின்னால் குடை மாதிரி விரியும், பையன்களுக்குக் குஷி, போட்டோவும் நன்றாக வரும். நான் ஆடிய காலத்தில் எங்களுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். ஒரு சீசன் முழுக்க அதை இழுத்துக்கொண்டு ஓடினோம், ரெய்டில், அதாவது எதிரணிக் களத்துக்குள் பாடிப் போய்த் தொட்டுவிட்டுத் திரும்புவதில், ஒரு மாற்றமும் இல்லை.

காரணம் ரொம்பச் சாதாரணம். காற்றின் தடை வேகத்தின் இருமடிப்படி ஏறும், அதாவது வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்கு. முழு வேகத்தில் பறக்கிற 100 மீட்டர்காரனுக்கு அது சரி. ஆண்கள் கபடியில் நடுக்கோட்டிலிருந்து பாக் லைன் (ரெய்டர் கட்டாயம் தாண்ட வேண்டிய கோடு) 3.75 மீட்டர், போனஸ் லைன் (கூடுதல் புள்ளிக்கான கோடு) அதற்கு அப்பால் இன்னும் 1 மீட்டர், அவ்வளவுதான் ஓட்டம். பாராசூட் சரியாக விரிவதற்குள் ரெய்டர் கார்னரின், அதாவது ஓரத்தில் நின்று பிடிக்கிறவனின், கையில் இருப்பான்.

இடுப்பில் கயிறு கட்டி இழுத்து ஓடுகிற டயர் இதற்கு நேர் எதிர். நின்ற இடத்திலிருந்து அசைக்கும்போதுதான் அது அதிகம் முரண்டு பிடிக்கும், கபடிக்காரனுக்கும் வேண்டியது அந்த முதல் இரண்டு மூன்று எட்டுதான். கடையில் விற்கும் ஸ்லெட்டும் (எடை ஏற்றி இழுக்கும் சட்டம்) இதே வேலையைத்தான் செய்கிறது, தட்டு தட்டாக எடையைக் கூட்டிக் குறைக்கலாம் என்பது மட்டும் கூடுதல் வசதி. பழைய கார் டயர் 8 முதல் 10 கிலோ வரும், அதற்குள் செங்கல்லை அடுக்கினால் நம்ம ஊர் ஸ்லெட் ரெடி. லாரி டயரை எடுத்ததும் கட்டாதீர்கள், அது கால் பலத்துக்கான தனிப் பயிற்சி. வேகத்துக்கு எவ்வளவு எடை என்று கேட்டால், 20 மீட்டரைச் சும்மா 3.2 நொடியில் ஓடுகிறவன் டயரோடு 3.5-க்குள் ஓட வேண்டும், அதைத் தாண்டினால் ஒரு செங்கல்லை எடுத்துவிடுங்கள். கயிறு நீளமாக இருக்கட்டும், குட்டையாக விட்டால் நிற்கும்போது டயர் வந்து குதிகாலில் இடிக்கும். அப்புறம் ஒன்று, மண்ணில் இழுக்கிற டயர் கபடி விரிப்பில் (மேட்) அதே மாதிரி வழுக்காது, இடம் மாறினால் எடையையும் மாற்றித்தான் ஆக வேண்டும்.

ஆனால் டயர் நேர்கோட்டுக்கு மட்டும்தான். பக்கவாட்டில் நகர்வது, சட்டென்று திரும்புவது, பிடிபட்ட பிறகு நடுக்கோட்டுக்கு இழுத்துக்கொண்டு வருவது, இதற்கெல்லாம் ரப்பர் பேண்டை விட்டால் ஆளில்லை. நான் செய்ய வைப்பது இது: ரெய்டர் இடுப்பில் பேண்ட், மறுமுனையைப் பிடித்து ஒருவன் எதிரணிப் பக்கத்து எண்ட் லைனில் (கடைசிக் கோடு) நிற்பான். உள்ளே போகும்போது பேண்ட் ரெய்டரை முன்னால் இழுக்கும், அதனால் பாக் லைனில் பிரேக் போட அவன் திணறுவான், திரும்பும்போது பின்னால் இழுக்கும், ரெய்டரைப் பிடித்திருக்கிற கவர் ஆட்டக்காரன் (தடுப்பு வரிசையின் உள்பக்கம் நிற்பவன்) மாதிரியே. டயரில் இது நடக்கவே நடக்காது. பேண்டின் குறை என்னவென்றால் நீள நீளத்தான் இறுக்கம் கூடும், முதல் எட்டில் பெரிதாக ஒன்றும் தெரியாது. அதனால் இரண்டில் ஒன்று என்று கேட்காதீர்கள், கிளம்புவதற்கு டயர், திரும்புவதற்கு பேண்ட்.

எடை ஜாக்கெட்டை மூன்றாவதாகத்தான் வைப்பேன். அது பின்னால் இழுக்காது, கீழேதான் அழுத்தும், தாவித் தப்பிக்கிற ரெய்டருக்குக் கொஞ்சம் உதவும். உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் போதும், 70 கிலோ பையனுக்கு 3.5 முதல் 7 கிலோ. முழங்கால் வலி இருக்கிறவனுக்குப் போட வேண்டாம். கணுக்காலில் கட்டுகிற மணல் பட்டையை டோ டச்சுக்கு (கால் விரலால் எதிராளியைத் தொடுவது) நல்லது என்று சிலர் சொல்வார்கள், எனக்கு உடன்பாடில்லை. காலை வீசும் தாளமே மாறிவிடுகிறது.

எதைக் கட்டினாலும் நாலைந்து முறை ஓடியதும் கழற்றிவிட்டு இரண்டு முறை வெறும் உடம்போடு ஓட விடுங்கள். பல கோச்சுகள் இதை மறந்துவிடுகிறார்கள், பையன் தடையோடு ஓடப் பழகிவிட்டு அந்தக் குனிந்த நடையையே ஆட்டத்திலும் கொண்டுவருகிறான்.

பேண்ட் வாங்கக் காசில்லையா, பஞ்சர் கடையில் பழைய சைக்கிள் டியூப் இரண்டை வாங்கி முறுக்கிக் கட்டிக்கொள்ளலாம், நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம். வெயிலில் மட்டும் போட்டு வைக்காதீர்கள், வெடிப்பு விட்டிருக்கிறதா என்று தினமும் இழுத்துப் பாருங்கள். அறுந்தால் பிடித்திருப்பவன் முகத்தில்தான் வந்து விழும்.