ஒரே சந்தா, பல தேடல்கள்: அரசுப் பல்கலைக்கழக நூலகம் வழியே உயிரியல் கட்டுரைகள்

அரசுப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் ஆய்வு செய்பவர்களுக்கு 2025 ஜனவரி முதல் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் நடப்பில் இருக்கிறது. எல்சவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி, ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் இதில் அடக்கம். 3 ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய்ச் செலவு. ஒருங்கிணைப்பது, பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் காந்திநகர் இன்ஃப்லிப்நெட் மையம். காசு கேட்டு மறித்த பக்கங்களில் இப்போது பிடிஎஃப் பொத்தான் தெரிகிறது. படிக்கக் கிடைக்கிறதா என்று பார்த்தால் முழு மதிப்பெண் தரலாம். முதல் கட்டத்தில் தனியார் கல்லூரிகளைச் சேர்க்காதது பெருங்குறை. ஆய்வு அங்கும்தான் நடக்கிறது.

இது இதழ்களுக்கான சந்தா என்பதை முதலில் மனதில் வைக்க வேண்டும். ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் போன்ற தேடுதளங்கள் உங்கள் நூலகத்தில் உண்டா என்பது பல்கலைக்கழகம் தனியாகக் கட்டும் பணத்தைப் பொறுத்தது. நூலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வளாகத்துக்குள் நுழைவு எளிது. பல்கலைக்கழகத்தின் ஐபி முகவரியைப் பதிப்பகத் தளமே அடையாளம் காணும். அதே மேசையில் உட்கார்ந்து செல்போன் ஹாட்ஸ்பாட்டில் மடிக்கணினியை இணைத்தால் அடையாளம் போய்விடும். கட்டணம் கேட்கும் பக்கம்தான் வரும். பல்கலைக்கழகத்தினுடையது அல்லாத வெளி விபிஎன் ஓடிக்கொண்டிருந்தாலும் இதே கதிதான். விடுதியிலிருந்தோ வீட்டிலிருந்தோ படிக்க இன்ஃப்லிப்நெட்டின் நுழைவு வசதியான இன்ஃபெட்டில் கணக்கு வேண்டும். அதை நூலகம்தான் உருவாக்கித் தரும். பதிப்பகப் பக்கத்தில் நிறுவன வழி நுழைவைத் தேர்ந்தெடுத்து, பல்கலைக்கழகத்தின் பெயரைப் பட்டியலில் பிடித்து உள்ளே போக வேண்டும். பதிப்பகத்தில் நீங்களே மின்னஞ்சல் கொடுத்துத் திறந்த தனிக் கணக்கால் சந்தா கிடைக்காது. பலர் இடறுவது இங்கேதான்.

கட்டுரையைத் திறப்பதைவிட அதைத் தேடிப் பிடிப்பதுதான் கடினம். சீமைக் கருவேலம் மற்ற செடிகளை முளைக்கவிடாமல் தடுக்கிறதா என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். 1788இல் மிமோசா ஜூலிஃப்ளோரா என்று பெயரிடப்பட்ட தாவரம் பின்னர் புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா ஆனது. 2022இல் அந்தப் பேரினத்தையே பிரித்தார்கள். இப்போது அது நெல்டுமா ஜூலிஃப்ளோரா. நம் வன்னி மரம் மட்டும் புரோசோபிஸ் சினரேரியா என்ற பழைய பெயரோடு நிற்கிறது. புதுப்பெயரை மட்டும் தட்டினால் பல பத்தாண்டுகளின் ஆய்வு கண்ணிலேயே படாது. பேரினம் புரோசோபிஸ் என்று மட்டும் தட்டினால் வன்னியும் சேர்ந்து குவியும். ஆகவே தேடுமுன் கியூ தாவரவியல் பூங்காவின் ‘பிளான்ட்ஸ் ஆஃப் தி வேர்ல்ட் ஆன்லைன்’ தளத்தில் இணைப்பெயர்களைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை. ஒரு மாத அலைச்சல் மிச்சம்.

மருத்துவ, உயிரியல் கட்டுரைகளைத் தேடித் தரும் பப்மெட் தளம் இலவசம், தரமானது. பெயர்களை ஒவ்வொன்றாக மேற்கோள் குறிக்குள் இட்டு, இடையில் ‘ஆர்’ (OR) போட்டு, மொத்தத்தையும் அடைப்புக்குள் வையுங்கள். அதன்பின் ‘ஆண்ட்’ (AND), அடுத்த கருத்து. இந்தச் சொற்களை ஆங்கிலப் பெரிய எழுத்தில்தான் தட்ட வேண்டும். அடைப்பைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள்: பப்மெட் இடமிருந்து வலமாகப் படிக்கும், வெப் ஆஃப் சயின்ஸ் ‘ஆண்ட்’டை முதலில் கணக்கிடும். அடைப்பில்லாத ஒரே வரி இரண்டு தளங்களிலும் இரண்டு வேறு கேள்விகளாகிவிடும்.

நம் கேள்வியில் அடுத்த கருத்து அல்லெலோபதி, அதாவது ஒரு செடி தன் வேதிப்பொருளால் மற்ற செடிகளைப் பாதிப்பது. வேர்ச்சொல்லை வெட்டி நட்சத்திரக் குறி போடும்போது எங்கே வெட்டுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். முதல் ஐந்து ஆங்கில எழுத்துகளோடு (allel*) வெட்டினால் மரபணு அலீல்கள் பற்றிய கட்டுரைகள் வெள்ளமாக வந்து விழும். ‘பி’ எழுத்துவரை (allelop*) நீட்டினால் அல்லெலோபதி, அல்லெலோபதிக் இரண்டும் மட்டும் சிக்கும். அந்த வேதிப்பொருளைக் குறிக்கும் அல்லெலோகெமிக்கலுக்குத் தனியாக ஒரு வேர்ச்சொல் தேவை. நட்சத்திரத்துக்கு முன் குறைந்தது நான்கு எழுத்துகள் இருக்க வேண்டும் என்பது பப்மெட் விதி. இன்னொன்று: நட்சத்திரமோ மேற்கோளோ போட்டதும், உங்கள் சொல்லுக்குப் பொருத்தமான மெஷ் (கட்டுரைகளை வகைப்படுத்தும் நிலையான சொற்பட்டியல்) தலைப்புச் சொல்லைத் தானாகச் சேர்க்கும் வசதி அணைந்துவிடும். அதனால் மெஷ் சொல்லை நீங்களே ‘ஆர்’ போட்டுச் சேர்க்க வேண்டும். மெஷ் மட்டும் வைத்துத் தேடுவதும் ஆபத்து. பப்மெட்டில் உள்ள எல்லாமே, மெஷ் சொற்கள் இடப்படும் மெட்லைன் தொகுப்பின் இதழ்கள் அல்ல. அதற்கு வெளியே உள்ள கட்டுரைகளுக்கு மெஷ் ஏறுவதே இல்லை.

பப்மெட் மருத்துவத்தை நடுவாக வைத்து வளர்ந்தது. நொதி, மரபணு, நோய்க்கிருமி என்றால் கவலையில்லை. சூழலியல், வகைப்பாடு, வேளாண்மை என்றால் அதோடு நிறுத்துவது தவறு. வெப் ஆஃப் சயின்ஸ், வேளாண்மைக்கான சிஏபி ஆப்ஸ்ட்ராக்ட்ஸ், விலங்கியலானால் 1864 முதலான வெளியீடுகளைத் தொகுத்துவரும் சுவாலாஜிகல் ரெகார்ட் என்று போக வேண்டும். வெப் ஆஃப் சயின்ஸில் 1991க்கு முந்தைய கட்டுரைகளுக்குப் பெரும்பாலும் சுருக்கம் இருக்காது. தலைப்பில் இல்லாத சொல்லால் அவற்றைப் பிடிக்க முடியாது. மேற்கோள்களைப் பின்னோக்கித் துரத்துவதுதான் வழி. பழைய இன விவரிப்புகளுக்குப் பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி இருக்கிறது. ஸ்கேன் செய்த மூலப் பக்கத்தையே பார்க்கலாம்.

இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவை ஒதுக்கிவிடாதீர்கள். உள்ளூர்க் கண்மாய், வயல், காடு சார்ந்த தரவுகளில் பல இதழ்களில் வராமல் ஆய்வேட்டிலேயே கிடக்கின்றன. ஒவ்வோர் இயலும் தனித்தனி பிடிஎஃப். முதலில் மேற்கோள் பட்டியல் உள்ள கோப்பைத் திறந்து பாருங்கள். இங்கே தேடும்போது, முன்பு சொன்னதற்கு மாறாக, பேரினப் பெயரை மட்டும் கொடுப்பது நல்லது.

ஒரே மூச்சில் நூற்றுக்கணக்கில் இறக்குவது, அதற்கென மென்பொருள் ஓட்டுவது, இரண்டும் கூடாது. பதிப்பகம் அந்த ஐபியையே முடக்கும். ஒருவர் அவசரத்துக்கு வளாகம் முழுக்கத் தவிக்கும். தேவையானதை மட்டும், மேற்கோள்களைச் சேமித்து ஒழுங்குபடுத்தும் ஜொடேரோ மென்பொருளில் சேருங்கள். பின்வாங்கப்பட்ட கட்டுரை உங்கள் தொகுப்பில் இருந்தால் அது சிவப்புப் பட்டையில் எச்சரிக்கும். உயிரியலில் இந்த ஒரு வசதிக்காகவே அதை வைத்துக்கொள்ளலாம். தலைப்பில் வரும் இனப்பெயர் சாய்வெழுத்தில் வர, பெயரின் இருபுறமும் சாய்வெழுத்துக்கான எச்டிஎம்எல் குறியைக் கையால் இட வேண்டும்.

சந்தாவுக்குள் வராத கட்டுரை என்றால் உலாவியில் சேர்க்கும் அன்பேவால் நீட்சியின் பச்சைப் பூட்டைப் பாருங்கள். ஆசிரியர் இலவசமாக ஏற்றிவைத்த பிரதி கிடைக்கலாம். இல்லையென்றால் நூலகத்தில், நூலகங்கள் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் டெல்நெட் வலையமைப்பு வழியாகக் கேளுங்கள். இணைப்பை மட்டும் அனுப்பாமல் டிஓஐ (கட்டுரையின் நிலையான அடையாள எண்), இதழின் முழுப்பெயர், தொகுதி, பக்க எண்கள் ஆகியவற்றை எழுதிக் கொடுத்தால் கோரிக்கை திரும்பி வராது.