நெவாடாவில் வேன் வாழ்க்கை: இரவு தங்க வேண்டிய இடங்கள்

லாஸ் வேகாஸையும் ஹூவர் அணையையும் பார்த்துவிட்டு நெவாடாவைப் பார்த்தாயிற்று என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு நிறைய உண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கலிஃபோர்னியாவில் வசிக்கும் நானும் என் மனைவியும் சில வருடங்களாக, விடுமுறை கிடைக்கும்போதெல்லாம், உள்ளேயே படுத்துறங்க வசதி செய்த எங்கள் வேனை எடுத்துக்கொண்டு மலையைத் தாண்டி இந்தப் பாலைவன மாநிலத்துக்குள் போய்விடுகிறோம். இத்தனை காலத்தில் எனக்கு உறுதிப்பட்ட விஷயம் ஒன்று உண்டு. இங்கே ஓர் இடத்தின் அருமை உச்சி வெயிலில் தெரியாது. பொழுது சாய்ந்த பிறகும் விடிகிற நேரத்திலும்தான் தெரியும். ராத்தங்கலுக்கு நூறு மைல் தள்ளியிருக்கும் ஹோட்டலுக்குத் திரும்ப வேண்டியவருக்கு அந்த நேரங்கள் வாய்க்காது, வேனில் போகிறவருக்கு வாய்க்கும். அதனால் கீழே வரும் இடங்களை எல்லாம் ஒரே கேள்வியை வைத்துத்தான் தரம் பிரித்திருக்கிறேன்: அங்கே ஓர் இரவு தங்கலாமா?

முதலில் நிலத்தைப் பற்றிக் கொஞ்சம். அமெரிக்க மாநிலங்களிலேயே மழை மிகக் குறைவு நெவாடாவில்தான், வருடத்துக்குச் சராசரியாகச் சுமார் 10 அங்குலம். மாநிலத்தின் பெரும்பகுதி கிரேட் பேசின் என்ற வடிநிலத்துக்குள் அடங்குகிறது. அங்கே பெய்யும் மழை எந்தக் கடலுக்கும் போவதில்லை. ஓடை, ஆறு எல்லாம் ஏதோ ஓர் ஏரியிலோ உப்புத் தரையிலோ முடிந்துவிடும். பூமியின் மேலோடு கிழக்கு மேற்காக இழுபட்டு உடைந்ததில், வடக்கு தெற்காக மலைத்தொடர்கள் வரிசை வரிசையாக எழுந்து நிற்கின்றன. குறுக்கே ஓட்டிப்போனால் ஒரு கணவாய் ஏறி, ஒரு பள்ளத்தாக்கில் இறங்கி, மறுபடியும் ஒரு கணவாய் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். பாலைவனம் என்றாலே சூடு என்று நினைத்து வருகிறவர்கள், ஆறாயிரம் ஏழாயிரம் அடி உயரத்தில் அக்டோபர் இரவில் தண்ணீர் உறைவதைப் பார்த்துத் திகைத்துப்போவார்கள்.

வேன்காரர்களுக்கு நெவாடா இவ்வளவு பிடித்துப்போனதற்குக் காரணம் இன்னொன்று. மாநிலத்தின் நிலத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் கூட்டரசுக்குச் சொந்தம். அதில் பெரும்பங்கை பி.எல்.எம். என்கிற நில மேலாண்மைத் துறை பார்த்துக்கொள்கிறது. அந்த நிலத்தில் பெரும்பாலான இடங்களில் கட்டணமில்லாமல் 14 நாள் வரை தங்கலாம். தண்ணீர், கழிவறை, குப்பைத்தொட்டி எதுவும் இருக்காது. கொண்டுபோனதை எல்லாம் திரும்ப எடுத்துவர வேண்டும்.

வேனைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன். எங்களுடையது உயரக் கூரை வைத்த, 20 அடிக்கும் குறைவான நீளமுள்ள சாதாரண சரக்கு வேன். கூரையில் 400 வாட் சோலார், உள்ளே 200 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி. நெவாடா வெயிலில் மின்சாரத்துக்குக் குறையே வந்ததில்லை. பேட்டரியை மட்டும் வண்டிக்குள்ளே கதகதப்பான இடத்தில் வைப்பது அவசியம், ஏனென்றால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் அது கெட்டுப்போகும். வண்டி டேங்கிலிருந்தே எரிபொருள் எடுக்கும் ஹீட்டர் வைத்திருப்பவர்கள், உயரத்துக்குத் தக்கபடி காற்றைச் சரிசெய்துகொள்ளும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள். மெலிந்த காற்றில் சாதாரண மாடலில் கரி படிந்து நின்றுவிடும். ஏசி நாங்கள் வைக்கவில்லை. காற்று அவ்வளவு வறண்டது என்பதால் கூரை விசிறியை ஓடவிட்டு, ஜன்னலில் ஈரத்துண்டைத் தொங்கவிட்டாலே உள்ளே குளிர்ந்துவிடும். அப்புறம், பிரஷர் குக்கர். பத்தாயிரம் அடியில் தண்ணீர் 90 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் பருப்பு எத்தனை நேரம் வைத்தாலும் வேகாது. எங்கள் வேனில் இருக்கும் பொருள்களில் எதை வேண்டுமானாலும் இறக்கிவைப்பேன், குக்கரை இறக்கமாட்டேன்.

யு.எஸ். 50 நெடுஞ்சாலையை 1986இல் லைஃப் பத்திரிகை அமெரிக்காவின் மிகத் தனிமையான சாலை என்று எழுதியது. சாலையோர ஊர்கள் அந்தப் பெயரையே பெருமையாக எடுத்துக்கொண்டு, ஊருக்கு ஊர் முத்திரை குத்திக்கொள்ள ஒரு கையேடு தருகின்றன. ஃபாலன், ஆஸ்டின், யுரேகா, ஏலி என்று நான்கு ஊர்கள், நடுவே வெட்டவெளி. ஃபாலனைத் தாண்டி 25 மைலில் சாண்ட் மவுண்டன். சுமார் 600 அடி உயர மணல்மேடு அது. லஹொண்டன் என்ற பழங்கால ஏரி வற்றியபோது விட்டுப்போன மணலைக் காற்று கொண்டுவந்து குவித்திருக்கிறது. சரிவில் மணல் சரியும்போது அடித்தொண்டையிலிருந்து வருவதுபோன்ற ஒரு முழக்கம் கேட்கும். சனி ஞாயிறில் மணலில் விளையாட்டாக ஓட்டும் வண்டிகளின் இரைச்சலில் அது காதில் விழாது, வார நாளில் போங்கள். மேட்டின் அடியிலேயே போனி எக்ஸ்பிரஸ் தபால் நிலையத்தின் கற்சுவர்கள் நிற்கின்றன. 1860 ஏப்ரலில் தொடங்கி 1861 அக்டோபரில் நின்றுபோன குதிரைத் தபால். தந்திக் கம்பி வந்ததும் அதன் கதை முடிந்தது.

ஆஸ்டினுக்குத் தென்கிழக்கே பிக் ஸ்மோக்கி பள்ளத்தாக்கில் ஸ்பென்சர் வெந்நீர் ஊற்றுகள். மண் சாலைதான், ஆனால் காய்ந்திருக்கும்போது சாதாரண வேன் போகும். மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் இரும்புத் தொட்டி ஒன்றில் ஊற்றுநீரைக் குழாய் வழியே விட்டிருக்கிறார்கள். எதிரே டோயாபே மலைத்தொடரில் பனி, சுற்றிலும் காட்டுக் கழுதைகள். நீர் சில நேரம் கொதிக்கக் கொதிக்க வரும், கையால் தொட்டுப் பார்க்காமல் இறங்கக்கூடாது. வேனைத் தொட்டியை ஒட்டி நிறுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். கழுதைகளுக்கும் அடுத்து வருபவர்களுக்கும் அது பொது இடம். நூறு இருநூறு அடி தள்ளி நிறுத்தினால் எல்லோருக்கும் நல்லது.

ஏலி இந்தச் சாலையின் பெரிய ஊர். தண்ணீர், பெட்ரோல், துணி துவைக்கும் கடை, மளிகை எல்லாம் இங்கே முடித்துக்கொள்வோம். நெவாடா நார்தர்ன் ரயில்வே இங்கேதான். தாமிரச் சுரங்கத்துக்காகப் போட்ட பாதை, பணிமனை, 1910இல் செய்த 40ஆம் எண் நீராவி எஞ்சின் எல்லாம் அப்படியே இருக்கின்றன. கரி படிந்த உடம்போடு பணிமனையில் உலவிய டர்ட் என்ற பூனையைப் பார்க்கவே கூட்டம் வந்தது. 2023இல் அது இறந்துவிட்டது. ஊருக்குத் தெற்கே வார்ட் கரிச்சூளைகள், 30 அடி உயரத்தில் ஆறு கற்கூம்புகள். 1876 முதல் 1879 வரை வெள்ளி உருக்குவதற்காகச் சுற்றுமலைகளின் பின்யான், ஜூனிப்பர் மரங்களை வெட்டி இங்கே கரியாக்கினார்கள். இந்த மண்ணின் பழங்குடிகளான ஷோஷோனி மக்களுக்குக் குளிர்காலச் சாப்பாடே பின்யான் கொட்டைதான். மூன்று வருட வெள்ளிக்காக அழிந்த காட்டை நினைத்துக்கொண்டே அந்தச் சூளைக்குள் நின்றேன். மாலை வெயில் வாசல் வழியாக நேராக உள்ளே விழுகிற நேரம் அது.

ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், கண்ணை மூடிக்கொண்டு கிரேட் பேசின் தேசியப் பூங்காவுக்குப் போங்கள். யூட்டா எல்லையில் பேக்கர் என்ற சின்னஞ்சிறு ஊரிலிருந்து மேலே ஏற வேண்டும். வீலர் சிகரத்தின் உயரம் 13,063 அடி. சிகரத்தின் அடிவாரம் வரை 12 மைல் மலைச்சாலை, அதன் மேற்பகுதியில் 24 அடிக்கு மேல் நீளமான வண்டிக்கு அனுமதி கிடையாது. ஆர்.வி. என்கிற பெரிய வீட்டுவண்டி வைத்திருப்பவர்கள் கீழேயே நின்றுவிட, எங்கள் குட்டை வேன் பத்தாயிரம் அடிக்குப் பக்கத்திலிருக்கும் கேம்ப்கிரவுண்ட் வரை ஏறிவிடும். குளிர்காலத்தில் மேற்பாதையை மூடிவிடுவார்கள்.

அங்கிருந்து நடந்துபோனால் பிரிஸில்கோன் பைன் மரங்கள். முறுக்கேறிய உடம்பு, பாதி பட்டுப்போன கிளை, ஒரு பக்கம் மட்டும் பச்சை. குளிரும் கல்தரையும் காற்றும் சேர்ந்து அவற்றை மிக மெதுவாக வளரவைப்பதால் மரம் இறுகிப்போய், பூச்சியும் பூஞ்சையும் எளிதில் அண்டுவதில்லை. 1964இல், இது பூங்காவாக ஆவதற்கு முன்னால், ஓர் ஆய்வு மாணவர் வனத்துறை அனுமதியோடு இங்கே ஒரு மரத்தை வெட்டினார். வளையங்களை எண்ணியபோது 4,862 வந்தது. புரோமிதியஸ் என்று பெயரிடப்பட்ட அந்த மரம்தான் அதுவரை உலகில் வயது கணக்கிடப்பட்ட தனி மரங்களிலேயே மூத்தது. 1986இல் இது தேசியப் பூங்காவானது. இப்போது இந்த மரங்களிலிருந்து விழுந்த குச்சியைக்கூட யாரும் எடுக்கக்கூடாது, அப்படித்தான் இருக்க வேண்டும்.

கீழே லேமன் குகை, வருடம் முழுக்க 10 டிகிரி செல்சியஸில் இருக்கும். பூங்கா ரேஞ்சரோடுதான் உள்ளே போக முடியும். தட்டுத் தட்டாகப் பிளந்து கீழே ஒழுகியதுபோல் நிற்கும் கேடயப் பாறைகள் மற்ற குகைகளில் அபூர்வம், இங்கே நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஆனால் உண்மையில் என்னை இழுப்பது இரவுதான். 2016இல் இதற்கு சர்வதேச இருள்வானப் பூங்கா என்ற அங்கீகாரம் கிடைத்தது. நிலவில்லாத இரவில் பால்வெளி மலைமுகட்டின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை கிடக்கும். பழக்கப்பட்ட நட்சத்திரக் கூட்டங்களைக் கண்டுபிடிக்கவே சிரமமாக இருக்கும், நடுவே அவ்வளவு நட்சத்திரங்கள்.

தெற்கே இறங்கினால் பனாக்கா பக்கத்தில் கதீட்ரல் கோர்ஜ் மாநிலப் பூங்கா. எரிமலைச் சாம்பல் ஏரியடியில் படிந்து, ஏரி வடிந்த பிறகு அந்தக் களிமண்ணை மழை அரித்து அரித்து கூம்பும் மடிப்புமாகச் செதுக்கியிருக்கிறது. சென்னையிலிருந்து வந்திருந்த என் மாமியார் பார்த்த உடனே, “கோபுரத்தைக் களிமண்ணுல செஞ்சு வச்ச மாதிரி இருக்கே மாப்பிள்ளை” என்றார். அதைவிடப் பொருத்தமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சுவர்களுக்கு நடுவே ஓர் ஆள் மட்டும் நுழையக்கூடிய இடுக்குகள் உண்டு, வெளியே எவ்வளவு கொளுத்தினாலும் உள்ளே சில்லென்று இருக்கும். மழை பெய்தால் உள்ளே போகவேண்டாம், அந்தக் களிமண் வழுக்கும். மின் இணைப்பும் வெந்நீர்க் குளியலறையும் உள்ள முகாம் என்பதால், பல நாள் வெட்டவெளியில் கிடந்துவிட்டு வருகிறவர்களுக்குச் சொர்க்கம். பெரியவர்களை அழைத்துப்போவதற்கு நெவாடாவில் இதுதான் என் முதல் பரிந்துரை.

வேற்றுக்கிரக நெடுஞ்சாலை என்று 1996இல் பெயர் சூட்டிய 375ஆம் சாலைக்கு அவ்வளவு பேச்சு தேவையில்லை. ரேச்சல் ஊரில் ஒரு பலகையோடு படம் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். டோனோபா நல்ல ஊர், பழைய வெள்ளிச் சுரங்கமும் 1907இல் கட்டிய மிஸ்பா ஹோட்டலும் உண்டு. ஆனால் அங்கிருந்து யு.எஸ். 6 வழியாக ஏலி போவதென்றால் ஏறக்குறைய 270 கிலோமீட்டருக்கு நடுவில் பெட்ரோலை நம்பிப் போகக்கூடாது. டேங்க் பாதிக்கு வந்தாலே நிரப்புவது என்ற பழக்கம் இந்த மாநிலத்தில் உயிர் காக்கும்.

ரயலைட்டில் 1904இல் தங்கம் கிடைத்து, சில வருடங்களில் ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த நகரம் எழுந்து, 1916இல் மின்சாரமே துண்டிக்கப்பட்டு, 1920க்குள் ஆளில்லாமல் போனது. மூன்று மாடி வங்கிக் கட்டடத்தின் எலும்புக்கூடு இன்னும் நிற்கிறது. ஊர்முனையில் பெல்ஜியச் சிற்பி ஆல்பர்ட் ஷுகால்ஸ்கி 1984இல் வைத்த, ஏசுவின் கடைசி இராவுணவுச் சிற்பங்கள், முக்காடு மட்டும் இருக்கும், உள்ளே முகம் இராது. மாலையில் பாருங்கள். இரவு தங்குவதற்குப் பக்கத்தில் பி.எல்.எம். நிலம் இருக்கிறது.

வேலி ஆஃப் ஃபயர் என்ற மாநிலப் பூங்காவின் செம்பாறைகளைக் குளிர்காலத்தில் மட்டும் பாருங்கள். கோடையில் 110 ஃபாரன்ஹீட்டைத் தாண்டுகிறது, ஆபத்து கருதிச் சில நடைபாதைகளையே மூடிவிடுகிறார்கள். விசிறி மட்டும் வைத்த வேனுக்கு அந்தச் சூடு ஒத்துவராது.

வடக்கே பிரமிட் ஏரி. டாஹோ ஏரியிலிருந்து வரும் டிரக்கி ஆறு இங்கேதான் முடிகிறது. இது பையூட் பழங்குடி மக்களின் நிலம். தங்கவும் மீன் பிடிக்கவும் அவர்களிடம் அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும், சில பகுதிகள் வெளியாருக்கு மூடியிருக்கும். 1905இல் கட்டிய டெர்பி அணை ஆற்றுநீரைத் திருப்பிவிட்டதால் ஏரி இறங்கி, 1940களில் இங்கிருந்த பூர்வீக டிரவுட் மீன் அற்றுப்போனது. பிற்பாடு அதே வம்சத்து மீன்கள் யூட்டா எல்லையோரம் பைலட் பீக் ஓடையொன்றில் கிடைக்க, வளர்த்துத் திரும்ப ஏரியில் விட்டார்கள். பழங்குடியினர் தங்கள் ஏரிக்காகப் பல பத்தாண்டுகள் வழக்காடியதை மனத்தில் வைத்துக்கொண்டால், சீட்டுக்குக் கொடுக்கும் பணம் பெரிதாகத் தெரியாது. காலையில் அனாஹோ தீவிலிருந்து கூழைக்கடாக்கள் கூட்டமாகக் கிளம்பும்.

வருடக்கணக்கில் ஓட்டிய பிறகு வேனில் எனக்கு இருக்கும் ஒரே கவலை தூசி. உப்புத் தரையின் வெண்தூசி காரத்தன்மை உள்ளது. கதவு ரப்பர், ஃபிரிட்ஜின் காற்றுவழி, விசிறி மோட்டார் என்று எல்லா இடத்திலும் புகுந்து உலோகத்தை அரிக்கும். வீடு திரும்பியதும் வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்து, வண்டியின் அடிப்பாகத்தையும் கழுவுகிறோம். மழை பெய்த உப்புத் தரையில் வண்டியை இறக்கவே கூடாது, மேலே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் அடியில் சேறு.

முதல்முறை போகிறவர்கள் செப்டம்பரிலோ அக்டோபர் தொடக்கத்திலோ ஃபாலனில் தொடங்கி யு.எஸ். 50 வழியே கிழக்கே போங்கள். பத்து நாள் இருந்தால் திரும்பும்போது பனாக்கா, டோனோபா வழியாக வரலாம். காலண்டரில் அமாவாசை எந்த நாளில் வருகிறது என்று பார்த்து, அதற்கு ஒரு நாள் முன்னதாகவே பேக்கர் போய்ச் சேரும்படி கிளம்புங்கள். லேமன் குகைக்கு டிக்கெட்டை மட்டும் பல வாரம் முன்பே எடுத்துவிடுங்கள், அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பிப் போனால் பெரும்பாலும் கிடைக்காது.