ஹோகஸை விடலாமா என்று கேட்ட நண்பருக்கு

உலகம் அழிந்த பிறகு நடக்கும் கதையை ஆளுக்கொரு பாத்திரமாக மேசையில் ஆடும் அபோகலிப்ஸ் வேர்ல்ட் ஆட்டத்தைப் புதிதாக வாங்கிய நண்பர் போன வாரம் கேட்டார்: "எங்க குழுவுல ஒருத்தர் ஹோகஸ்தான் ஆடுவேன்னு நிக்கிறார். விட்டா ஆட்டம் அவர் பக்கம் சாய்ஞ்சிடுமா?" ஹோகஸ் என்பது பக்தர் கூட்டம் வைத்திருக்கும் சாமியார் பாத்திரம். வாட்ஸ்அப்பில் எழுத ஆரம்பித்த பதில் நீண்டுகொண்டே போனதால் இங்கே எழுதுகிறேன். 2016இல் வந்த இரண்டாம் பதிப்பை எங்கள் குழு பல வருடமாக ஆடுகிறது. எம்.சி.யாக, அதாவது கதையை நடத்துபவராக, உட்காருவது பெரும்பாலும் நான்தான். இரண்டு பகடையோடு பாத்திரத்தின் பண்பு எண்ணைக் கூட்டி 10 அல்லது அதற்கு மேல் வந்தால் முழு வெற்றி, 7 முதல் 9 வரை பாதி வெற்றி, 6 வரை சறுக்கல் என்ற அடிப்படையெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். சாமியை நம்பிச் சக்தி பெறும் பாத்திரத்தை எப்படிக் கட்டுக்குள் வைப்பது என்ற கேள்விக்கு நான் ஆடிப் பார்த்ததில் இதுதான் சிறந்த விடை. இதற்கு முன் அணுப்போருக்குப் பிந்தைய கதை ஒன்றை சாவேஜ் வேர்ல்ட்ஸ் டீலக்ஸ் என்ற வேறொரு ஆட்டத்தின் விதிகளில் ஓட்டினோம். அதில் அற்புதம் செய்கிறவர் சின்னப் பாவம் செய்தால் ஒரு வாரத்துக்கு நம்பிக்கைப் பகடையில் 2 குறையும். பெரிய பாவம் என்றால் ஒரு வாரம் சக்தியே கிடையாது. தாளில் படிக்க நியாயமாகத்தான் இருக்கும். மேசையில் எது பாவம் என்று நான் தீர்ப்பு சொல்ல வேண்டும். பசித்த குழந்தைக்காக ரொட்டி திருடியது பாவமா என்று அரை மணி நேரம் வாக்குவாதம் நடக்கும். சாமியின் கோபம் என்பது கடைசியில் என் கோபமாகப் போய்விடும்.

ஹோகஸில் அந்தத் தொல்லையே இல்லை. இங்கே தண்டிப்பது சாமி இல்லை, பின்னால் வரும் கூட்டம். இருபது பேர் அளவில் ஒரு பக்தர் கூட்டம் ஹோகஸோடு வரும். ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் அவர் தன் வியர்டை (அமானுஷ்ய சக்திக்கான பண்பு) வைத்து உருட்ட முடியாது, கூட்டத்தின் ஃபார்ச்சூனை (அதிர்ஷ்டத்துக்கான எண்) வைத்துத்தான் உருட்ட வேண்டும். அது சாதாரணமாக +1 மட்டுமே. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 36இல் 10 வாய்ப்பில்தான் சுத்தமான உபரி கிடைக்கும். 16 வாய்ப்பில் உபரியோடு ஒரு தேவையும் வரும். மிச்சம் 10இல் வெறும் பஞ்சம். அதாவது நான்கில் கிட்டத்தட்ட மூன்று அமர்வுகளில் யாரோ ஒருவர் குருவின் காலைப் பிடித்து அழுதுகொண்டிருப்பார். எம்.சி. பகடையைத் தொடாத ஆட்டத்தில் இதைவிட அழகான கடிவாளத்தை நான் பார்த்ததில்லை.

எங்கள் ஹோகஸ் நண்பர் தன் கூட்டத்தை ஆடம்பரத்தையும் சம்பிரதாயத்தையும் வெறுப்பவர்களாக அமைத்தார். அப்படி எடுத்தால் தேவைப் பட்டியலில் நோயும் சேரும். ஓர் அமர்வில் உருட்டியது மொத்தம் 5. கூட்டத்தில் பாதிப் பேருக்குக் காய்ச்சல், சிலர் மூட்டை கட்டிக்கொண்டு பக்கத்துக் கோட்டை வாசலுக்குக் கிளம்பிவிட்டார்கள். அவர் எண்ணெய் டிரம் மேல் ஏறி நின்று பிரசங்கம் செய்தார். கூட்டத்தை எழுப்பும் ஃப்ரென்சி என்ற திறனை உருட்டினால் 8, கையில் ஒரே ஒரு ஹோல்ட், அதாவது கூட்டத்தை ஒரு காரியம் செய்யவைக்கும் வாய்ப்பு. கூட்டத்தைச் சண்டைக்கு அனுப்பலாம், அல்லது அவர்களிடம் இருக்கும் விலை உயர்ந்த பொருளையெல்லாம் கொண்டுவரச் செய்யலாம், அல்லது அமைதியாக வீட்டுக்கு அனுப்பலாம். ஏதாவது ஒன்றுதான். மருந்து வாங்குவதற்காகப் பொருளைக் கேட்டார். ஒரு கிழவி தன் மகனின் பூட்ஸைக் கொண்டுவந்து வைத்தாள். அதை வாங்குவதா வேண்டாமா என்று அவர் தவித்ததைப் பார்த்து மேசையில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டோம். அப்புறம் பல அமர்வுகளுக்கு அந்தப் பூட்ஸ் கதையில் வந்துகொண்டே இருந்தது.

ஆட்டத்தை இவ்வளவு நன்றாக வடிவமைத்தவர்கள் வியர்ட் விஷயத்தில் ஏன் இப்படி விட்டுவிட்டார்கள் என்பதுதான் எனக்குத் தீராத எரிச்சல். ஹோகஸ் வியர்ட் +2வில் தொடங்குகிறார். ஒரு மூவ் (பாத்திரத்தின் சிறப்புத் திறன்) எடுத்தால் +3. இன்னொரு மூவ், காரிஸ்மாட்டிக், எடுத்தால் ஆட்களை வளைக்கும்போது ஹாட்டுக்குப் (கவர்ச்சிக்கான பண்பு) பதில் வியர்டை உருட்டலாம். சீயிங் சோல்ஸ் எடுத்தால் உதவுவதற்கும் குறுக்கிடுவதற்கும் வியர்ட். உலகைச் சூழ்ந்த அமானுஷ்ய மனச்சுழலுக்கு மூளையைத் திறப்பது எப்படியும் வியர்ட், கூட்டத்தை எழுப்புவதும் வியர்ட். ஒரே சாவி எல்லாப் பூட்டையும் திறக்கிறது.

பாதிக்கப்படுவது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஸ்கின்னர். அழகாலும் பேச்சாலும் ஆட்களை வளைப்பதுதான் அந்தப் பாத்திரத்தின் பிழைப்பே. எங்கள் ஸ்கின்னருக்கு ஹாட் +2, சறுக்க 36இல் 6 வாய்ப்பு. ஹோகஸுக்கு +3, சறுக்க 36இல் 3 வாய்ப்பு. ஸ்கின்னரும் ஒரு மூவைச் செலவழித்து +3 ஆகலாம்தான். ஆனால் தன் சொந்தத் தொழிலில் ஒரு சாமியாருக்குச் சமமாக நிற்பதற்கே அவர் ஏன் செலவு செய்ய வேண்டும்? போன கதையில் பேரம் பேச வேண்டிய இடம் வரும்போதெல்லாம் மொத்த மேசையும் ஹோகஸைத்தான் திரும்பிப் பார்த்தது. ஸ்கின்னர் ஆடிய தோழி மூன்றாவது அமர்விலிருந்தே போனை நோண்ட ஆரம்பித்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இதே ப்ளேபுக்கில் (பாத்திரத்தின் விதித் தாள்) டிவைன் ப்ரொடெக்‌ஷன் எவ்வளவு அடக்கமாக இருக்கிறது பாருங்கள். சாமி தரும் பாதுகாப்பு 1 ஆர்மர் மட்டும். மேலே கவசம் போட்டால் அதுதான் கணக்கு, இரண்டையும் கூட்டிக்கொள்ள முடியாது. 2 சேதம் தரும் கைத்துப்பாக்கிக் குண்டில் பாதியைச் சாமி தடுக்கிறார், மீதியை உடம்பு வாங்குகிறது. மற்ற மூவ்களையும் இதே அளவில் வைத்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்கவே மாட்டேன்.

காரிஸ்மாட்டிக், வியர்ட் +3 இரண்டையும் தொடக்கத்திலேயே ஒன்றாக எடுக்கக் கூடாது என்று வீட்டு விதி வைத்துப் பார்த்தோம். கொஞ்சம் சரியானது. ஆனால் புத்தகம் தருவதை நீ ஏன் பிடுங்குகிறாய் என்று ஹோகஸ் நண்பர் கேட்டபோது, அவர் பக்கமும் நியாயம் இருந்தது.

சரி, கேள்விக்கு வருகிறேன். உங்கள் குழுவில் ஸ்கின்னர் இல்லையென்றால் தாராளமாக விடுங்கள், கூட்டத்தின் தேவைகளை மட்டும் ஒரு அமர்வுகூட விடாமல் கதைக்குள் கொண்டுவாருங்கள். ஸ்கின்னர் இருந்தால் வேண்டாம். எங்கள் மேசையில் அடுத்த கதைக்கு ஹோகஸ் தாளை நான் பிரின்ட் எடுக்கப் போவதில்லை. தோழி இந்த முறையும் ஸ்கின்னர்தான் ஆடுவேன் என்று சொல்லியிருக்கிறார்.